பத்தாயிரம் அடியும் மூன்று மணித் தேநீரும்

வாசகர் கடிதம்:

"வணக்கம் அம்மா. எனக்கு வயது 45. சிங்கப்பூரில், ஈசூனில் குடியிருக்கிறேன். ஜூரோங்கில் ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை. சென்ற டிசம்பரில் பலதுறை மருந்தகத்தில் ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அதே சமயம் ஒரு பயிலரங்கில், மாதம் ஒரு சின்னச் சவால் எடுத்துக்கொண்டால் நம்மை நாமே அறியலாம், மனமும் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். ஜனவரியில் தினம் பத்தாயிரம் அடி நடப்பது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றைக்கு எண்ணைப் போட வேண்டும். மூன்று வாரம் ஓடியது. பிப்ரவரியில் சர்க்கரை நிறுத்தம். மூன்று மணித் தேநீருக்குப் போவதையே விட்டேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மார்ச்சில் நாட்குறிப்பு. முஸ்தஃபா கடையில் நல்ல நோட்டாகப் பார்த்து வாங்கினேன். எட்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஏப்ரலில் காலை ஐந்து மணிக்கு எழுவது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'எதை எடுத்தாலும் பாதியில் விடுவதுதானே உங்கள் வழக்கம்' என்கிறாள் மனைவி. மகள் தொடக்கநிலை ஆறு படிக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேனாம். நான் வந்தால் அவள் அறைக்குள் போய்விடுகிறாள். அது வேறு விஷயம். என் கேள்வி இதுதான்: எனக்கு மன உறுதி இல்லையா? அதை எப்படி வளர்ப்பது? இப்போதெல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வேறு வந்துவிடுகிறது."

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

'அது வேறு விஷயம்' என்று ஒன்றைத் தள்ளி வைத்திருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மற்றவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்களுக்கு மன உறுதி இருக்கிறது. லிஃப்ட் பழுது, குழாய்க் கசிவு, ஒப்பந்தக்காரர் சொல்லும் சாக்கு என்று நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, மூன்று வாரம் பத்தாயிரம் அடி நடந்திருக்கிறீர்கள். இதை உறுதிக் குறைவு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீங்கள் எடுத்த நான்கு சவால்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட உங்கள் வாழ்க்கையைப் பார்த்து எடுத்ததாகத் தெரியவில்லை. அடிக்கணக்கு நண்பர்கள் வைத்தது. சர்க்கரை, மருந்தகத்தில் கிடைத்த பயம். ஐந்து மணி, ஏதோ ஒரு யூடியூப் ஆசாமி வைத்தது என்று ஊகிக்கிறேன். எல்லாமே வெளியிலிருந்து வந்த பரீட்சைகள். பரீட்சையில் நம்மைப் பற்றி நாம் என்ன தெரிந்துகொள்ள முடியும்? பாஸா ஃபெயிலா என்பதுதான் தெரியும்.

அந்தப் பத்தாயிரத்தையே எடுத்துக்கொள்வோம். 1965ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை 'மான்போ-கெய்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். வியாபாரத்துக்காக வைத்த அந்த எண் உலகம் முழுக்கப் பரவி, ஏதோ மருத்துவ விதி போல ஆகிவிட்டது. 2019ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் நடையை அளந்து, பிறகு அவர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்கு 7,500 அடியை நெருங்கும்போதே இறப்பு அபாயம் குறைவது ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது. நீங்கள் எழுபது வயதுப் பாட்டி இல்லை, சரி. ஆனால் எட்டாயிரம் அடி நடந்த ஒரு நாளில், குழுவில் அந்த எண்ணைப் போடக் கூச்சப்பட்டு, சாப்பிட்டபின் கீழ்த்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்துக்கு வீட்டில் யாராவது காத்திருந்தார்களா?

நடப்பது நல்லது, விட வேண்டாம். குழுவில் எண் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மருந்தகத்தில் சொன்னதும் சவால் கணக்கில் சேராது. உணவு, எடை, மறுபரிசோதனை பற்றி மருத்துவர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். அது மாதாமாதம் மாற்றிக்கொள்கிற விளையாட்டு இல்லை.

இனி பாதியில் விடுவது பற்றி. ஒரு மாதத்தில் ஒரு பழக்கம் ஊறிவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரை 12 வாரம் கவனித்தார். சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பிறகு ஒரு நடை என்று ஆளுக்கு ஒரு சின்ன வேலை. அது யோசிக்காமலே செய்கிற அளவுக்கு வர நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இன்னொன்றையும் அந்த ஆய்வில் பார்த்தார்கள்: இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆக, உங்கள் மூன்று வாரம் தோல்வியும் இல்லை, முப்பது நாள் முடித்திருந்தால் அது வெற்றியும் இல்லை.

அப்படியென்றால் மாதக் கணக்கு எதற்கு? பார்ப்பதற்கு. புரட்டாசியில் நம் வீடுகளில் அசைவம் நிற்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறந்ததும் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நிற்கிறோம். 'ஐயோ, பழக்கத்தை விட்டுவிட்டாயே' என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு மாதம், அவ்வளவுதான். ஆனால் அந்த மாதத்தில் சில விஷயங்கள் கண்ணில் படும். கோழிச்சோறு வேண்டும் என்று நாக்கு கேட்பது பசித்த நேரத்திலா, அலுத்த நேரத்திலா, அல்லது சக ஊழியர்கள் கூட்டமாகக் கிளம்பும்போது மட்டும்தானா என்று தெரியும். மற்ற மாதங்களில் கேட்டதும் கொடுத்துவிடுகிறோம். கேட்கிற குரல் யாருடையது என்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

உங்கள் பிப்ரவரியை அப்படிப் பார்க்கலாம். சர்க்கரையை நிறுத்த நினைத்தீர்கள். அதற்கு, மூன்று மணித் தேநீருக்குப் போவதையே நிறுத்தினீர்கள். அந்தக் காப்பிக் கடை மேசையில் உங்களோடு யார் உட்கார்வார்கள்? மின்பணியாளர் ஒருவர், துப்புரவுப் பிரிவு ஆள் ஒருவர், பாதுகாவல் வேலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது நிமிடத்தில்தான் உங்களை யாரும் 'பாஸ்' என்று கூப்பிடாமல் இருந்திருக்கலாம். நீங்கள் தேநீரை மட்டும் விடவில்லை, அந்த மேசையையும் விட்டீர்கள். பத்து நாளில் திரும்பிப் போனது சர்க்கரைக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. மேசைக்குத் திரும்புங்கள். அங்கே 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், கேளுங்கள். சட்டென்று முடியாவிட்டால் 'சியூ தாய்' என்று சொல்லிச் சீனியைக் குறையுங்கள். 2022 டிசம்பரில் போத்தல் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் லேபிள் வந்தபிறகு, எதில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பல இடங்களில் எழுத்திலேயே பார்த்துவிடலாம். அந்தத் தகவல் உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். யாரோடு உட்கார்ந்து குடிக்கிறோம் என்ற தகவலை எந்த லேபிளிலும் போட மாட்டார்கள். அதை நீங்கள்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இனி மகள் விஷயம்.

உங்கள் முதல் மாதச் சவாலாக நான் சொல்வது இது: மாலையில் வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம் பள்ளி, பாடம், தேர்வு, மதிப்பெண் எதையும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். அன்பாகப் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், மகளோடு தரமான நேரம் செலவிட வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவை பெரிய வேலைகள், பாதியில் நின்றுவிடும். கேட்காமல் இருப்பது சின்ன வேலை. முடிந்ததா இல்லையா என்பதும் சந்தேகமில்லாமல் தெரியும்.

எங்கே தொடங்குவது என்பதை ஒரு இடத்தோடு கட்டிவிடுங்கள். 'இனி பொறுமையாக இருப்பேன்' என்பது காற்றில் தொங்கும். 'கம்பிக் கதவைப் பூட்டியதும் நேராக அடுப்படிக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடிப்பேன்' என்பது நிற்கும். இந்த நேரத்தில், இந்த இடத்தில், இதைச் செய்வேன் என்று முடிவு செய்துகொண்டவர்கள் வெறுமனே விருப்பப்பட்டவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பது, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தொடங்கிப் பலர் பரிசோதித்துப் பார்த்த விஷயம்.

இரவில் படுக்கும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள். புது நோட்டு வேண்டாம், முஸ்தஃபா நோட்டில் ஒன்பதாம் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது. வரிகள் இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்தேன்."

"புதன். கேட்டுவிட்டேன். ஐந்தரைக்கு மேலாளர் ஃபோன். உட்லண்ட்ஸ் வரைக்கும் ரயிலில் அதே நினைப்பு. தாடை இறுகியிருந்தது."

"வெள்ளி. கேட்கவில்லை. வேறு என்ன பேசுவது என்றே தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள்."

பாருங்கள், இதில் 'ஏன் நான் இப்படி இருக்கிறேன்' என்று ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை இரவில் தனியாகக் கேட்டால் பதில் கிடைப்பதைவிடப் பழி கிடைப்பதுதான் அதிகம். மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இது நன்றாகத் தெரியும். 'ஏன் எனக்கு மட்டும்' என்று பொதுவாகச் சுழன்றுகொண்டிருந்தால் சோர்வு கூடுகிறது. என்ன நடந்தது, எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்தேன் என்று நடந்ததை நடந்தபடி பார்த்தால் பிடி கொஞ்சம் தளர்கிறது. எட்வர்ட் வாட்கின்ஸ் போன்றவர்கள் இந்த வித்தியாசத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, என்ன செய்தேன் என்பதோடு நிறுத்துங்கள். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வரியையும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். விட்ட நாள் விட்டதுதான். நாட்குறிப்பு என்றாலே ஆயுள் முழுக்கத் தினமும் எழுத வேண்டும் என்ற நினைப்பே பலரை எட்டாம் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. எழுதுவது மனதுக்கும் உடம்புக்கும் என்ன செய்கிறது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட முதல் ஆய்வில், மாணவர்களை எழுதச் சொன்னதே நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். கேட்டுவிட்ட நாள்கள் எவை, கேட்காத நாள்கள் எவை? மகள் தேர்வுத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள்களில்தான் கேட்டீர்களா, அல்லது உங்களிடம் வேலையிடத்தில் யாராவது கணக்குக் கேட்ட நாள்களிலா? எனக்கு ஓர் ஊகம் உண்டு, சொல்ல மாட்டேன். நோட்டில் வேறு மாதிரி வந்தால் என் ஊகம் தவறு. ஒருவேளை அப்படி எந்தத் தொடர்பும் தெரியாமல், செவ்வாய்க்கிழமை துணைப்பாட வகுப்பு முடிந்து அவள் தாமதமாக வரும்போது மட்டும் உங்களுக்குப் பதற்றம் வருவது தெரியலாம். தெரிவது எதுவானாலும் அது உங்களுடையது. பயிலரங்கில் 'தன்னை அறிவது' என்று பெரிதாகச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்தவரை அது இந்த அளவுச் சில்லறைத் தகவல்களாகத்தான் வந்து சேர்கிறது.

பீஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதும் ஆண்டில் மதிப்பெண் பேசாமல் எப்படி என்று கேட்பீர்கள். பேசுங்கள், பத்து நிமிடம் கழித்து. 2021 முதல், ஒரு பாடத்துக்கு ஏஎல்1லிருந்து ஏஎல்8 வரை தரநிலை (ஏஎல்1தான் மிகச் சிறந்தது), நான்கு பாடமும் சேர்த்து 4லிருந்து 32க்குள் என்று முறையை மாற்றியதே, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுவது குறையட்டும் என்பதற்காகத்தான். ஆனால் 89 என்றால் ஏஎல்2, 90 என்றால் ஏஎல்1 என்று ஆனதும், அந்த ஒரு மதிப்பெண்ணைப் பிடித்துத் தொங்குகிற அப்பாக்கள் குறையவில்லை. (அம்மாக்களும்தான். உங்களை மட்டும் சொல்வது நியாயமில்லை.) எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில்தான் வரும். இப்போது மே. தினமும் பத்து நிமிடம் கேட்காமல் இருப்பதால் எந்தப் பாடமும் கெட்டுவிடாது.

மகளிடம் இதை அறிவிக்க வேண்டாம். 'அப்பா இந்த மாதம் மார்க் கேட்க மாட்டேன்' என்று சொன்னால், அவள் உங்களைக் கண்காணிக்கும் ஆளாகிவிடுவாள், அதுவும் அவளுக்கு ஒரு சுமை. முதல் வாரம் அவள் வழக்கம்போல அறைக்குள் போய்விடுவாள். போகட்டும். பின்னாலேயே போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள். அவர் சொன்ன சொல் உங்களைக் குத்தியிருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான்கு மாதம் நான்கு அறிவிப்புகளைக் கேட்டவர் அவர். ஒவ்வொன்றுக்கும் வீட்டின் நேரத்தை, சமையலை, அலாரம் சத்தத்தைச் சரிசெய்துகொண்டவரும் அவராகத்தான் இருக்கும். இந்த முறை வாக்குக் கொடுக்காமல் கேளுங்கள்: 'நான் வேலை முடிந்து உள்ளே வரும்போது எப்படி இருக்கிறேன்? உனக்கு என்ன தெரிகிறது?' பதில் வந்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாத பாதி, கூட இருப்பவர்களிடம்தான் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் கூச்சம்.

அடுத்த மாதங்களுக்கு என்ன என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும் என்று தெரியும். பன்னிரண்டு மாதத்துக்குப் பட்டியல் தர மாட்டேன், தந்தால் அதுவும் பரீட்சைதான். முதல் மாத நோட்டில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதிலிருந்து அடுத்ததை எடுங்கள். மேலாளர் பெயர் அதிகம் வந்தால், ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ஈசூன் வரும் ரயிலில் வேலைச் செய்திகளைத் திறக்காமல் வருவது ஒரு மாதமாக இருக்கலாம். 'யாரோடும் பேசவில்லை' என்று வந்தால், வாரம் ஒரு முறை ஊரில் இருக்கும் ஒருவரைக் குரலில் கூப்பிடுவது. காலை வணக்கப் படம் அனுப்புவது கணக்கில் வராது. ஒரு மாதம் எதுவும் எடுக்காமல் சும்மா இருந்தாலும் குறை இல்லை. முதல் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சிலருக்கு இப்படிக் குறித்துக்கொண்டே போவது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். 'இன்றும் கேட்டுவிட்டேன், நானெல்லாம் ஒரு அப்பாவா' என்ற தோரணையில் வரிகள் வர ஆரம்பித்தால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் குடிப்பதை மட்டும் தொடருங்கள்.

கடைசியாக, நான்கு மணி விழிப்பு. ஐந்து மணிக்கு எழ முடியாதவர் நான்கு மணிக்கே விழித்துக் கிடக்கிறீர்கள், அதைக் கடிதத்தின் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேலை நெருக்கடியில் சில நாள் அப்படி ஆவது உண்டு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இது தொடர்ந்து, கூடவே எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு ருசிக்காமல், எதற்கெடுத்தாலும் எரிச்சலாக இருந்தால், அதற்கு மாதச் சவால் மருந்தாகாது. மனச்சோர்வு ஆண்களிடம் பல சமயம் அழுகையாக வருவதில்லை, கோபமாகவும் களைப்பாகவும் வருகிறது. இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல உதவி எண் 1771 எந்த நேரமும் கிடைக்கும். உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி நினைப்பு ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாமல் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767ஐ அழையுங்கள், அதுவும் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், சர்க்கரைப் பரிசோதனைக்காகப் பலதுறை மருந்தகத்துக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அதே நாளில் தூக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், எத்தனை வாரமாக, விழித்தபின் என்ன நினைப்பு ஓடுகிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே பேசக் கிடைக்கும் நேரம் குறைவு.